பழைய வேனின் சோதனைச் சீட்டு: பத்துக் குறைகளுக்குப் பின்னால் எத்தனை காரணங்கள்?

பன்னிரண்டு, பதினைந்து வயதான வேன் ஒன்று தகுதிச் சோதனைக்குப் போய்விட்டுத் திரும்புகிறது. கூடவே ஒரு சீட்டு வருகிறது. 'பின் சக்கரங்களில் பிரேக் ஏற்றத்தாழ்வு', 'அடிப்பாகத்தில் துரு அரிப்பு', 'பால் ஜாயின்ட் ரப்பர் உறை கிழிந்துள்ளது' என்று எட்டுப் பத்து வரிகள். அதைப் படித்ததும் பலர் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். 'இந்த வண்டி அவ்வளவுதான், கழித்துவிடலாம்' என்பது ஒன்று. 'எல்லாமே சில்லறை வேலை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது மற்றொன்று.

இரண்டுமே பெரும்பாலும் அவசர முடிவுகள். சீட்டில் எத்தனை வரி இருக்கிறது என்பதைவிட, எந்த வரி எந்த வரியோடு சேருகிறது என்பதுதான் முக்கியம். பழைய வேனில் ஒரே கோளாறு மூன்று இடங்களில் மூன்று பெயரோடு எழுதப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் செலவும் குறையும், ஆபத்தும் குறையும்.

சோதனை எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை

பெயர் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் எஃப்.சி., பிரிட்டனில் எம்.ஓ.டி., ஜப்பானில் ஷாக்கென். பிரிட்டனில் 1960-இல் இது தொடங்கியபோது பத்து வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும்தான் சோதனை. அதுவும் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மூன்றை மட்டும் பார்த்தார்கள். டயர் அந்தப் பட்டியலில் சேர்ந்ததே 1968-இல்தான். இன்று துரு, புகை, சீட் பெல்ட், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு என்று பட்டியல் நீண்டுவிட்டது. ஆனால் அடிப்படைக் கேள்வி மாறவில்லை: இந்த வண்டி ரோட்டில் ஓடினால் உள்ளே இருப்பவருக்கோ வெளியே போகிறவருக்கோ ஆபத்தா?

இதிலிருந்து மூன்று விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. பரிசோதகர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. கண்ணால் பார்க்கிறார், கையாலும் நெம்புகோலாலும் ஆட்டிப் பார்க்கிறார், கருவியில் அளக்கிறார். பிரேக் டிரம்முக்குள் ஷூ (டிரம்மின் உட்புறத்தில் அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் பட்டை) எந்த நிலையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது; பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பதுதான் தெரியும்.

2. எஞ்சினின் ஆயுள், கிளட்ச், கியர்பாக்ஸ் இவற்றின் தேய்வு இந்தச் சோதனையில் வராது. எஞ்சின் புகை தள்ளினாலோ ஆயில் ஒழுகினாலோ மட்டும் அது கணக்கில் வரும். 'பாஸ் ஆன வண்டி' என்றால் 'எஞ்சின் நன்றாக இருக்கிற வண்டி' என்று பொருள் இல்லை.

3. அந்த நாளில், அந்த நேரத்தில் வண்டி எப்படி இருந்தது என்பதற்குத்தான் சான்று. அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கான உத்தரவாதம் இல்லை.

குறைகளின் தரம்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குறைகளை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். பிரிட்டனும் 2018 மே 20 முதல் இதே முறைக்கு வந்தது.

*சிறு குறை:* வண்டி பாஸ் ஆகும், ஆனால் சரிசெய்ய வேண்டும்.
*பெருங்குறை:* பாதுகாப்பைப் பாதிக்கும், வண்டி ஃபெயில்.
*ஆபத்தான குறை:* ஃபெயில் என்பதோடு, சரிசெய்யாமல் ரோட்டில் ஓட்டவே கூடாது.

இவற்றோடு 'கவனிக்க' என்ற அறிவுரைக் குறிப்பும் பிரிட்டன் சீட்டில் வரும். இன்றைக்கு அது குறை இல்லை, ஆனால் குறையாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய வேன் வைத்திருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தக் குறிப்புகளைத்தான் என்பது என் கருத்து. ஃபெயில் வரிகளை யாரும் மறக்கமாட்டார்கள். மறு சோதனைக்குப் போக அவற்றைச் சரிசெய்தே ஆக வேண்டும். அறிவுரை வரிகளோ பாஸ் ஆன மகிழ்ச்சியில் மடித்து வைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஃபெயில் வரியாகத் திரும்பி வருகின்றன.

வேனைக் காரைப்போல் பார்க்க முடியாது

கார் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே எடையில் ஓடுகிறது. வேன் காலையில் முழுச் சுமையோடு போய், மாலையில் காலியாகத் திரும்புகிறது. அதனால் பின்பக்கம் முழுக்க சுமைக்காகவே அமைக்கப்பட்டிருக்கும். நிறைய வேன்களில் பின்னால் லீஃப் ஸ்பிரிங் இருக்கும். அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள், இரு முனைகளிலும் ரப்பர் புஷ். அவற்றில்தான் பின்பக்க எடை முழுவதும் உட்காருகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. காலி வேனில் பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் சுலபமாகப் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதைத் தடுக்க, பழைய வேன்கள் பலவற்றில் பின் ஆக்சிலுக்கும் (இரு சக்கரங்களையும் தாங்கும் அச்சு) வண்டியின் உடம்புக்கும் நடுவே ஒரு வால்வு வைத்திருப்பார்கள். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் ஒரு சின்ன நெம்புகோல் நகர்ந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடும். வண்டி காலியானால் அழுத்தத்தைக் குறைக்கும். இந்த வால்வு இருப்பது வண்டியின் அடியில், சேறும் தண்ணீரும் தெறிக்கிற இடத்தில். பத்து ஆண்டில் அந்த நெம்புகோல் துருப்பிடித்து ஜாம் ஆகிவிடும். 'காலி' நிலையிலேயே ஜாம் ஆனால், முழுச் சுமையோடு போகும்போதும் பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். சோதனைக்கு வேன் காலியாகத்தான் போகும் என்பதால் அங்கே இது தெரியாமலே போகலாம். நெம்புகோல் கையால் அசைகிறதா என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பிரேக்: எண்களைப் படிப்பது எப்படி

சீட்டில் எண்களோடு வருவது பெரும்பாலும் பிரேக் பகுதிதான். சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி, உருளை சக்கரத்தைச் சுழற்றும்போது பிரேக்கை அழுத்துவார்கள். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பலத்தோடு எதிர்த்தது என்பது பதிவாகும். இரண்டு கணக்குகள் உண்டு.

*முதல் கணக்கு, திறன்.* எல்லாச் சக்கரங்களின் பிரேக் பலத்தையும் கூட்டி, வண்டியின் எடையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். ஐரோப்பிய விதிகளில், 2012-க்குப் பின் பதிவான இலகு சரக்கு வேனுக்குக் குறைந்தது 50% வேண்டும். அதற்கு முந்தையதற்கு 45%. ஹேண்ட் பிரேக்குக்கு 16%.

*இரண்டாம் கணக்கு, ஏற்றத்தாழ்வு.* ஒரே ஆக்சிலில் இருக்கும் இடது, வலது சக்கரங்களை ஒப்பிட வேண்டும். பலம் குறைந்த சக்கரம், மற்றதில் 70 சதவீதமாவது பிடிக்க வேண்டும். இல்லையென்றால் அது பெருங்குறை. ஸ்டியரிங்கோடு திரும்பும் முன் சக்கரங்களில் பாதிக்கும் கீழே போனால் ஆபத்தான குறை, ஏனென்றால் பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு மாதிரிக் கணக்கு. எந்த எடையால் வகுப்பது என்பதை அந்தந்த நாட்டு விதி சொல்லும்; இங்கே 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பலமும் கிலோ கணக்கில்தான்.

முன் இடது 340, முன் வலது 320
பின் இடது 130, பின் வலது 210

கூட்டினால் 1,000. திறன் சரியாக 50%. இந்தக் கணக்கில் வண்டி பாஸ். முன் சக்கரங்களில் 340-க்கு 320, அதாவது 94%, நல்ல நிலை. பின்னால் 210-க்கு 130, வெறும் 62%. அங்கே ஃபெயில். 'பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது, ஏன் ஃபெயில் போட்டார்கள்?' என்ற குழப்பம் இங்கேதான் வருகிறது. நேராகப் போகும் உலர்ந்த ரோட்டில் ஓட்டுநருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஈரத்தில், வளைவில் பிரேக் போட்டால் தெரியும்.

சரி, பின் இடது சக்கரத்தில் என்ன கோளாறு? சீட்டிலேயே துப்பு இருக்கிறது. ஹேண்ட் பிரேக் அளவைப் பாருங்கள். டிரம் பிரேக் உள்ள வேனில் கால் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளுகிறது, ஹேண்ட் பிரேக் கேபிளால் அதே ஷூவைத் தள்ளுகிறது. ஆகவே:

1. அந்தச் சக்கரத்தில் இரண்டுமே குறைவு என்றால், ஷூவிலோ டிரம்மிலோ கோளாறு. ஷூ தேய்ந்திருக்கலாம், தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் ஜாம் ஆகியிருக்கலாம், ஆக்சில் ஆயில் சீல் கசிந்து ஷூ எண்ணெயில் ஊறியிருக்கலாம்.

2. கால் பிரேக் மட்டும் குறைவு என்றால் வீல் சிலிண்டர், ஹோஸ், பைப் பக்கம் பார்க்க வேண்டும்.

3. ஹேண்ட் பிரேக் மட்டும் குறைவு என்றால் கேபிள். உறைக்குள் தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கும்.

4. பின் சக்கரங்கள் இரண்டுமே சமமாகக் குறைவு என்றால், மேலே சொன்ன சுமை வால்வைச் சந்தேகிக்கலாம்.

ஷூ எண்ணெயில் ஊறியிருந்தால் துடைத்துவிட்டு மாட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தப்பு. சூடானதும் எண்ணெய் மறுபடி மேலே வரும். சீலையும் மாற்ற வேண்டும், இரு பக்க ஷூக்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஏற்றத்தாழ்வு இடம் மாறும், போகாது.

பிரேக் ஆயிலைப் பற்றியும் ஒன்று. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 155. நீண்ட இறக்கத்தில் சுமையோடு இறங்கும் வேனில் இந்த வித்தியாசம் பெரிது. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. உருளைச் சோதனையில் ஆயில் அந்த அளவுக்குச் சூடாவதில்லை.

துரு: எங்கே என்பதுதான் கேள்வி

கதவில் இருக்கும் துரு கண்ணில் படும், மனதை உறுத்தும். ஆனால் பரிசோதகருக்கு அது பெரிய விஷயம் இல்லை. அவர் தேடுவது வேறு இடத்தில். ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக், சீட் பெல்ட் இவை உடம்போடு இணையும் புள்ளிகளைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தகரம் பலமாக இருக்கிறதா என்று பார்ப்பது பிரிட்டன் விதி. கைப்பிடி அளவு ஓட்டை தரையின் நடுவில் இருப்பதைவிட, விரல் நுழையும் ஓட்டை சீட் பெல்ட் ஆணிக்கு அருகில் இருப்பது மோசம். மோதலின்போது அந்த ஆணி ஒரு மனிதரின் முழு வேகத்தையும் தாங்க வேண்டும்.

துரு உள்ளிருந்து வெளியே வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகரம் வெளியிலிருந்து பார்க்க ஒரே பலகைபோல் தெரிந்தாலும், அது உள்ளே வெற்றிடமான பெட்டி. அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். சேறும் இலையும் அவற்றை அடைத்தால் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கும். வெளியே பெயின்ட்டில் ஒரு சின்ன கொப்புளம் தெரிகிற நேரத்தில் உள்ளே தகரம் காகிதம்போல் மெலிந்திருக்கும். கடல் காற்றுப் படும் ஊர்களிலும், பனிக்காக ரோட்டில் உப்புத் தூவும் ஊர்களிலும் இது இரட்டை வேகத்தில் நடக்கும்.

சக்கர வளைவுகளின் உட்புறம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் கதவுக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம், பிரேக் பைப்பைக் கிளிப் பிடித்திருக்கும் இடங்கள். பழைய வேனில் முதலில் குனிந்து பார்க்க வேண்டியவை இவை. கிளிப்புக்கு அடியில் ஈரம் தங்கிப் பைப் அரிக்கும். பைப்பின் மற்ற நீளம் முழுக்க நன்றாக இருந்தாலும் அந்த ஒரு இடத்தில் வெடித்தால் போதும்.

சீர்செய்யும் முறையும் சீட்டில் கணக்கில் வரும். புட்டி, ஃபைபர், ரிவெட் அடித்த தகரம் ஆகியவை சுமை தாங்கும் இடத்தில் செல்லாது. துருவேறிய பகுதியை நல்ல தகரம் வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகரத்தைச் சுற்றிலும் விடாமல் வெல்டிங் செய்ய வேண்டும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த பழைய வேனை விற்க வந்தால், அந்தப் பூச்சுக்கு முந்தைய சீட்டைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டயர்

இங்கே பரிசோதகர் தேடும் சொல் 'ஆட்டம்'. வண்டியைத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டுவார். மேலும் கீழும் ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு) பார்ப்பார். பக்கவாட்டில் மட்டும் இருந்தால் டை ராட் (ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) முனையைப் பார்ப்பார்.

பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்தது என்ற வரியைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். உறை கிழிந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் அந்த ஜாயின்ட் தேய்வதை எதுவும் நிறுத்தாது.

லீஃப் ஸ்பிரிங்கில் பட்டை உடைந்ததா என்று பார்க்க, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பின்னால் நின்று இரு பக்க உயரத்தையும் ஒப்பிடுங்கள். முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கின் அடிச் சுற்று உடைந்தால் இப்படித் தெரியாது; கைவிளக்கு அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

டயர் பட்டன் (மேற்பரப்பில் உள்ள பள்ளங்கள்) ஆழத்துக்குப் பல நாடுகளில் 1.6 மி.மீ. குறைந்தபட்ச அளவு. வேனில் அதைவிட முக்கியமான இரண்டு உண்டு. ஒன்று, டயரின் சுமை எண். கார் டயர் ரிம்மில் பொருந்தினாலும் வேனின் சுமையைத் தாங்கும் தரம் அதற்கு இருக்காது. மற்றது வயது. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். '2317' என்றால் 2017-இன் 23-ஆம் வாரம். குறைவாக ஓடும் வேனில் பட்டன் நிறைய இருக்கும்போதே பக்கச் சுவர் விரிசல் விட்டிருக்கும்.

விளக்கும் புகையும்

இன்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கினால் பல்பை மாற்றிப் பயனில்லை. எர்த், அதாவது மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் இணைப்பு, போயிருக்கிறது. பின் விளக்குத் தொகுதிக்கு ஒரே எர்த் வயர் இருக்கும். அது உடம்பில் முடுக்கிய இடத்தில் துருவேறினால், மின்சாரம் திரும்பிப்போக வழியில்லாமல் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்புகிறது. அந்தத் திருகாணியைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, மறுபடி முடுக்கினால் இரண்டு மூன்று வரிகள் சீட்டிலிருந்து ஒரே நேரத்தில் மறையும்.

டீசல் புகைச் சோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடாகிப் போக வேண்டும். குறுகிய தூரமே ஓடி, ஆறிய எஞ்சினோடு போனால் தேங்கிய கரி எல்லாம் அங்கேதான் வெளியே வரும். அப்படியும் கறுப்புப் புகை என்றால் காற்று வடிகட்டி, இன்ஜெக்டர், டர்போ ஹோஸ் என்ற வரிசையில் பார்க்கலாம்.

ஒரு மாதிரிச் சீட்டைச் சேர்த்துப் படிப்போம்

1. பின் பிரேக் ஏற்றத்தாழ்வு (ஃபெயில்)
2. ஹேண்ட் பிரேக் திறன் போதாது (ஃபெயில்)
3. சீட் பெல்ட் ஆணிக்கு அருகே துரு ஓட்டை (ஃபெயில்)
4. பிரேக் பைப்பில் துரு (கவனிக்க)
5. முன் வலது பால் ஜாயின்ட்டில் ஆட்டம் (ஃபெயில்)
6. முன் வலது டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வு (கவனிக்க)
7. பின் இன்டிகேட்டர் கோளாறு (ஃபெயில்)
8. நம்பர் பிளேட் விளக்கு மங்கல் (சிறு குறை)

எட்டு வரி. வேலை என்று பார்த்தால் நான்கு. ஒன்றும் இரண்டும் ஒரே சக்கரத்தின் ஷூவிலிருந்து வரலாம். மூன்றும் நான்கும் அடிப்பாகத்தில் தங்கும் ஈரம். ஐந்தாவது ஆறாவதுக்குக் காரணம்: ஆட்டம் கண்ட ஜாயின்ட் சக்கரத்தின் கோணத்தைக் கெடுத்து டயரைத் தின்கிறது. டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே விளிம்பில் மொட்டையாகும். ஏழும் எட்டும் ஒரு திருகாணி எர்த்.

வேலையைத் தொடங்கும் வரிசையில் மூன்றாவது வரிதான் முதலில் வர வேண்டும். வெல்டிங் செய்பவர் துருவை வெட்டத் தொடங்கிய பிறகுதான் அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். பிரேக்குக்கும் டயருக்கும் செலவழித்து முடித்தபின் சேசிஸ் தேறாது என்று தெரியவந்தால் அந்தப் பணம் திரும்பாது. ஆகவே முதலில் அடிப்பாகம், பிறகு பிரேக்கும் ஸ்டியரிங்கும், மற்றவை அதன்பின். எர்த் வேலையை மட்டும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

இத்தோடு சென்ற ஆண்டுச் சீட்டையும் அதற்கு முந்தையதையும் அருகே வையுங்கள். பின் இடது சக்கரம் 200, 170, 130 என்று இறங்கிவந்திருந்தால் அது திடீர்க் கோளாறு இல்லை. இரண்டு ஆண்டாகக் கசியும் சீலாக இருக்கலாம். 'லேசான துரு' என்ற குறிப்பு இரண்டு ஆண்டு வந்து, மூன்றாம் ஆண்டு காணாமல் போயிருந்தால் வெல்டிங் நடந்ததா, பூச்சு மட்டும் அடித்தார்களா என்று பாருங்கள். பிரிட்டனில் வண்டி எண்ணைக் கொடுத்தாலே பழைய சோதனை முடிவுகளும் அப்போது ஓடியிருந்த தூரமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அந்த வசதி இல்லாத இடங்களில் பழைய சீட்டுகளை உரிமையாளரே வைத்திருந்தால்தான் உண்டு. வெப்பத்தில் அச்சாகும் தாள் என்றால் சில ஆண்டுகளில் எழுத்து மங்கிவிடும். சீட்டு கைக்கு வந்த அன்றே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.